உடைநெற்றும் ஒரு வலது கையும்

மாயாண்டி அண்ணாச்சியின் விரல்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன.

வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பல்லியின் முன்னங்கால்கள் மாதிரி, ஒன்று மாற்றி ஒன்று, வெள்ளையடித்த சுவரைத் தொற்றித் தொற்றி மேலே போயின. போன சனிக்கிழமை நான் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைத் தொட்டன. தாண்டின. ஒரு சாண் உயரம் தாண்டிப் போய் நின்றன.

கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரே வாரத்தில் ஒரு சாண்! அண்ணாச்சி திரும்பாமலே மீசைக்குள் சிரித்தது பக்கவாட்டில் தெரிந்தது.

"இவிய காட்டுதத நம்பாதிய டீச்சர். கால மட்டும் கொஞ்சம் பாருங்க."

வாசலில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அவர் மனைவி பேச்சியம்மாள்தான் சொன்னாள்.

பார்த்தேன். வலது குதிகால் தரையில் இல்லை. இடுப்பு இடது பக்கமாக, காற்றில் சாய்ந்த பனை மாதிரி வளைந்திருந்தது. மொத்த உடம்பும் அந்தக் கைக்காக மேலே போயிருந்தது. அக்குளில் கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்த தழும்பு மட்டும் ஒரு நூல்கூட விரியவில்லை.

"ஏட்டி, சும்மா கெட" என்றார் அண்ணாச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு.

கொதிக்கும் எண்ணெயில் முன்கை வெந்து எங்களிடம் வந்திருந்த புரோட்டா மாஸ்டர் காஜா அண்ணன் விடுவாரா?

"வே மாயாண்டி, நீரு கையத் தூக்கலவே. ஆளத்தான் தூக்கியிருக்கீரு. அடுத்த வாரம் ஏணி ஒண்ணு கொண்டாந்துரும், கூரையத் தொட்டுருவீரு."

கூடமே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. இடது கையால் சட்டையை எடுத்தார். பேச்சியம்மாள் போட்டுவிட வந்தபோது அவள் கையைத் தட்டிவிட்டார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே வெளியேறினார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

சனிக்கிழமைக் கூடம்

இந்தப் பக்கங்களைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பிசியோதெரபிஸ்ட். ஊரில் எல்லோருக்கும் எக்சர்சைஸ் டீச்சர். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். கவிதை எழுதுகிறேன் என்று தொடங்கி, வரியை எங்கே உடைப்பது என்று யோசிக்கப் பொறுமையில்லாமல் உரைநடையில் வந்து விழுந்தவள்.

சங்கரன்கோவிலில் எங்கள் சின்ன மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஒரு கூடம் இருக்கிறது. முன்பு பழைய கட்டில்களைப் போட்டு வைத்திருந்த இடம். சனிக்கிழமைக் காலைகளில் அங்கே தீப்பட்டவர்கள் கூடுவார்கள். எண்ணெய் பட்டவர்கள், வெந்நீர் பட்டவர்கள், சாயப்பட்டறைத் தொட்டியில் கை போனவர்கள். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டு, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டி, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வீட்டில் ஒரு கண்ணாடி இருக்கும். ஒரு குடும்பம் இருக்கும். அந்தப் புதுத் தோலோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

அதைத்தான் நாங்கள் அங்கே படிக்கிறோம். நானும் சேர்ந்துதான்.

ஒட்டுத்தோல் ஒரு விசித்திரமான விருந்தாளி. அதற்கு வியர்க்கத் தெரியாது. சுயமாக எண்ணெய் சுரக்கத் தெரியாது. தொட்டால் பாதிதான் தெரியும், குத்தினால் சில இடத்தில் தெரியவே தெரியாது. அதற்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றுதான். சுருங்குவது. மாவு காய்ந்த பாத்திரம் போல இழுத்துப் பிடிக்கும். கழுத்தில் இருந்தால் தாடையை நெஞ்சோடு சேர்க்கும். விரலிடுக்கில் இருந்தால் கையைத் துடுப்பாக்கும். அக்குளில் இருந்தால், மாயாண்டி அண்ணாச்சிக்கு ஆனது போல, கையை விலாவோடு தைத்துவிடும்.

போன வாரம் இங்கே தழும்பின் அரிப்பைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? புளியங்குடியிலிருந்து ஒருவர் போனில் பிடித்துவிட்டார். "எங்க ஊரு எலுமிச்சம்பழத்த அறுத்துத் தேச்சா தழும்பு வெளுத்துருமாமே டீச்சர்? மூட மூடயா கெடக்கு, சொல்லுங்க, அனுப்பி வைக்கேன்." ஐயா, எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போடுங்கள், சாதத்தில் பிழியுங்கள். தழும்பில் வேண்டாம். அரித்தால் சொறியாமல், ஈரத் துணியை வைத்து உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுங்கள். அழுகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

எங்கள் ஊரில் இன்னொன்றும் கேட்பார்கள். கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண். தோலில் என்ன வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுகிற ஊரில் பிறந்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொன்னால் எடுபடுமா? "நெத்தியில நல்லா இட்டுக்கோங்க. தழும்புல மட்டும் வேண்டாம். ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா" என்பேன். நானும் இட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறேன். அதனால் கேட்கிறார்கள்.

வேட்டித் துணியில் கட்டிய கை

அண்ணாச்சிக்குக் குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமம். ஆடு மேய்ப்பவர். கார்த்திகை மழையில் ஆட்டுக்கிடை போட்டிருந்த காட்டில், நனைந்த விறகு பற்றிக்கொள்ளவில்லை. கஞ்சி காய்ச்ச வேண்டும், பசி. பைக்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்து அடுப்பில் சாய்த்தார். கங்கு உள்ளே கிடந்திருக்கிறது. பாட்டில் வழியாகவே தீ கைக்கு ஏறி வந்துவிட்டது. வலது கை, அக்குள், விலா. சேற்றில் புரண்டதால் உயிர் தப்பினார்.

தை கடைசியில் வீட்டுக்கு வந்தார். கையை விரித்துப் போட்டுத் தூங்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். விரித்தால் உயிர் போகிற வலி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கண்ணில் தண்ணீர் விட்டார்கள். ஒரு மைத்துனர் தன் பழைய வேட்டியைக் கிழித்து, கையை நெஞ்சோடு சேர்த்து, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவது போல அவ்வளவு பக்குவமாகக் கட்டிவிட்டார். வலி நின்றது. ஊரே அந்த மைத்துனரைப் பாராட்டியது. ஒருத்தி சோறு ஊட்டினாள், ஒருத்தர் பல் தேய்த்துவிட்டார். அன்பென்றால் அப்படி ஒரு அன்பு!

அவர்கள் கூடத்துக்கு வந்த முதல் நாள் நான் அந்த முடிச்சை அவிழ்த்தேன். கட்டை எடுத்த பிறகும் கை கட்டியபடியேதான் நின்றது.

"டீச்சர், இது ஏன் வரமாட்டேங்கு?" என்று தன் கையையே யாரோ மூன்றாம் மனிதரைப் போலக் காட்டிக் கேட்டார்.

தீக்காயத்தில் நான் ஊர் ஊராகச் சொல்லி அலைகிற சங்கதி இது. கை எந்த நிலையில் வலிக்காமல் சுகமாக இருக்கிறதோ, அந்த நிலையில்தான் அது ஒட்டிக்கொள்ளும். சுகமாக வைத்துக்கொள்ளாதீர்கள். தலையணை சுகம், மடக்கிய முழங்கை சுகம், குவித்த விரல் சுகம். எல்லாம் பிறகு வந்து வசூலிக்கும்.

எங்கள் மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை வருகிற சர்ஜன் அக்குளைத் தொட்டுப் பார்த்தார். வெளிப்படையாகப் பேசுகிற மனிதர். "கோடை முடியறதுக்குள்ள கை தோளுக்கு மேல வந்துட்டா, நல்லது. வரலைன்னா தழும்பை வெட்டி விட்டு, மறுபடி தோல் ஒட்டணும். மறுபடி மாசக்கணக்கில படுக்கணும்."

மறுபடி படுத்தால் ஆடு கிடையாது. அதை அவர் சொல்லவில்லை. பேச்சியம்மாள் வெளியே வந்து சொன்னாள். "இப்பமே நான் ஒத்தையில மேய்க்க முடியாமச் சாவுதேன். வியாபாரி ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயிட்டான். இன்னொரு ஆப்ரேசன்னா பூராத்தையும் ஓட்டி விட்டுர வேண்டியதுதான். அதுக்கப்புறம் இவிய எதுக்கு எந்திரிக்கணும், சொல்லுங்க?"

ஆட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. அண்ணாச்சியிடம் ஆடுகள் இல்லையென்றால், விடிந்ததும் அவர் எந்தப் பக்கம் நடப்பார்?

ஆம்பளை ஜாக்கெட்

தழும்பு தடித்து மேலெழாமல் இருக்க இறுக்கமான ஒரு உடுப்புப் போட வேண்டும். குளிக்கிற நேரம் தவிர எந்நேரமும். வெளியூரில் தைத்து வந்தது, வீக்கம் வடிந்ததும் தொளதொளவென்று ஆகிவிட்டது. சங்கரன்கோவில் தெற்குப் பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைக்கிற ஒரு அக்காவிடம்தான் பிடித்துத் தைக்கக் கொடுத்தோம். அங்கே பெஞ்சில் பெண்களுக்கு நடுவே அண்ணாச்சி உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அண்ணாச்சி, கைக்கு பஃப் வைக்கவா?" என்று கேட்டாள் அந்த அக்கா, முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

"கொண்டைக்குப் பூவும் சேத்து வச்சிரு" என்றார் அண்ணாச்சி.

அவர் அப்படியொரு மனிதர். கேலியைத் தாங்குவார். சுவரிடம் தோற்றதைத்தான் தாங்க முடியவில்லை.

சுவரில் என்ன இருக்கிறது?

பங்குனி வெயில். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

கரிசல் வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முள் அடர்ந்த உடைமரங்கள் குடைகளை விரித்து நின்றன. ஒவ்வொரு குடைக்கும் கீழே ஒரு சின்ன நிழல், யாரோ மறந்து வைத்துப் போன கறுப்புத் துண்டு மாதிரி. நெற்றுக் காலம். மரமெல்லாம் சுருண்டு சுருண்டு தொங்கும் காய்ந்த நெற்று. ஆட்டுக்கு அது அல்வா.

ஒரு மரத்தடியில் பேச்சியம்மாள் தொரட்டியோடு மல்லுக்கு நின்றாள். நீளமான மூங்கில் கம்பு, நுனியில் இரும்புக் கொக்கி. கொக்கி ஒரு கிளையில் மாட்ட, முள் அவள் தலையில் விழுந்தது. சுற்றிலும் ஆடுகள் அண்ணாந்து நின்று கத்தின. இன்னொரு மரத்தடியில் அண்ணாச்சி உட்கார்ந்து அவற்றைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கொப்ப ஏன் இழுக்க? கொக்கிய மாட்டி உலுப்பு! உலுப்புட்டீ!"

"நீங்க வந்து உலுப்புங்களேன்! வாயால உலுப்புனா நெத்து உதிருமா?"

என்னைப் பார்த்ததும் இருவரும் நிறுத்தினார்கள். ஆடுகள் நிறுத்தவில்லை.

"என்ன அண்ணாச்சி, சனிக்கிழம ஆளையே காணோம்?"

தரையைப் பார்த்தார். ஒரு நெற்றை எடுத்து விரலுக்குள் உருட்டினார். பிறகு சொன்னார். "செவத்துல என்ன டீச்சர் இருக்கு? ஏறி ஏறிப் போயி அங்கன நான் என்னத்தப் பறிக்கணும்? ஒரு எல உண்டா? ஒரு நெத்து உண்டா?"

வகுப்பில் இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. பேச்சியம்மாள் கையில் இருந்த தொரட்டி வெயிலில் அசைந்தது. எங்கள் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் மேலே தூக்க வேண்டும், கெட்ட கை கூடவே போகும். எல்லாப் பிசியோதெரபிஸ்டுக்கும் தெரிந்த பாடம். அந்தக் குழாயையும் அண்ணாச்சி வெறுப்போடுதான் பிடிப்பார்.

இங்கே அதைவிட நல்ல குழாய் முளைத்து நின்றது, நுனியில் வேலையோடு.

"அண்ணாச்சி, எந்திரிங்க. அந்தத் தொரட்டியப் பிடிங்க."

"ஒத்தக் கையிலயா?"

"ரெண்டு கையிலயும். இடது கைதான் தூக்கணும். வலது கை சும்மா கூடப் போகட்டும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளத் தோழன் போற மாதிரி."

பேச்சியம்மாள் கம்பை நீட்டினாள். முகத்தில் நம்பிக்கை இல்லை. அண்ணாச்சி வாங்கினார். பல வருஷமாகப் பிடித்த இடத்தை உள்ளங்கை தானே போய்த் தேடியது, அதைப் பார்த்தேன்.

கொக்கி எழுந்தது. கைகள் இடுப்புக்கு வந்தன, நெஞ்சுக்கு வந்தன. தோளுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் வலது கை நின்றுவிட்டது. முகம் கோணியது.

"வலிக்கி."

"எப்படி வலிக்கி? குத்துதா, இழுக்கா?"

யோசித்தார். இதுவரை யாரும் வலியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை போலிருக்கிறது. "இழுக்கு."

"இழுத்தா நல்லது. அங்கயே நில்லுங்க, ஒரு ஆடு அசபோட்டு முழுங்குற நேரம். குத்துனா எறக்கிருங்க."

நின்றார். மூச்சு விட்டார். இன்னும் கொஞ்சம். தாழ்ந்த கிளையின் ஓரத்தில் கொக்கி உரசியது. பழக்கத்தில் உடம்பைச் சாய்த்தார். சாய்ந்ததும் கொக்கி வழுக்கி வெறும் காற்றில் ஆடியது. நிமிர்ந்தார், மறுபடி தூக்கினார். மறுபடி சாய்ந்தார், மறுபடி வழுக்கியது. சுவரை ஏமாற்றலாம். தொரட்டியை ஏமாற்ற முடியாது.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, முதுகு நேராக நிற்க, கொக்கி கிளையைப் பிடித்தது. உலுப்பினார்.

நெற்று கொட்டியது. காய்ந்த சலங்கை மாதிரி ஒரு சத்தம். ஆடுகள் பாய்ந்து வந்து அவர் காலைச் சுற்றி முட்டி மோதின. ஒரு கிடா அவர் வேட்டியைச் சேர்த்து மென்றது. அண்ணாச்சி சிரித்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து.

"ஏட்டி, பாத்தியா!"

"பாத்தேன் பாத்தேன். கொப்ப விடாதீய, இன்னும் கெடக்கு" என்றாள் பேச்சியம்மாள். அதற்குள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயில்தான், வேறென்ன?

குத்தியும் தெரியாத முள்

உடனே விதிகளும் வந்தன. வெயில் ஏறுவதற்கு முன், இறங்கிய பின், அவ்வளவுதான் தொரட்டி. அதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பைக் கட்டைவிரலால் வட்டமாக அழுத்தி நீவ வேண்டும். முழுக்கைச் சட்டை. தலைக்கு ஈரத்துண்டு, ஏனென்றால் ஒட்டிய இடத்தில் வியர்க்காது, உடம்பு சீக்கிரம் கொதித்துவிடும். ராத்திரி கையை விரித்து, பக்கத்தில் ஒரு சாக்கைச் சுருட்டி அதன்மேல் போட்டுத் தூக்கம். கடைசியாக, சாயங்காலம் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் கை முழுக்கப் பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்தார். கடைசி விதியைத் தவிர.

"ஆம்பளைக்குக் கண்ணாடி என்னத்துக்கு? வலிச்சாத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் சங்கதி. நான் சொன்னேன். தலையாட்டினார். ஆடு கூட அப்படித்தான் தலையாட்டும்.

சித்திரையில் ஒரு நாள் பேச்சியம்மாள் போன் செய்தாள். சட்டைக்கையில் மஞ்சளாக ஈரம் படிந்திருக்கிறதாம். போய்ப் பார்த்தால், மேல்கையின் உள்பக்கத்தில் உடைமுள் ஒன்று முறிந்து உள்ளே கிடந்தது. சுற்றிலும் சிவந்து, சூடாக, சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ. அவருக்குக் குத்தியதே தெரியாது.

டாக்டர் முள்ளை எடுத்தார். மருந்து, கட்டு. ஆறும் வரை தொரட்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கை சும்மா இருந்த நாட்களில் தழும்பு மறுபடி இறுகத் தொடங்கியது. ஜெயித்த தூரத்தில் பாதி போய்விட்டது. அந்த நாட்களில்தான் வியாபாரி இரண்டாவது தடவை வந்தான். ஆடுகளின் முதுகெலும்பை அழுத்தி அழுத்திப் பார்த்தான். "யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் திட்டவில்லை. திட்டுகிற வேலையைப் பேச்சியம்மாள் நிறைவாகச் செய்திருந்தாள். காயம்பட்டிருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பேனா மூடியால் தொட்டேன்.

"கண்ண மூடுங்க. இப்பம் எங்க தொடுதேன்?"

"நீங்க இன்னும் தொடலயே."

"கண்ணத் தெறங்க."

திறந்தார். பேனா மூடி அவர் தோலில் அழுந்தி, சின்னக் குழி விழுந்திருந்தது. அவர் முகத்தில் அன்று வந்த பயம், தீயைப் பற்றிச் சொன்னபோதுகூட வந்ததில்லை.

மறுநாள் உடைமரக் கிளையில், சவரம் செய்கிற வட்டக் கண்ணாடி தொங்கியது. அதற்குப் பிறகு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆட்டுக்குக் காலில் முள்ளா, காதில் உண்ணியா, கண்ணில் பூவா என்று பார்க்கிற கண். அந்தக் கண்ணைத் தன் கைமேல் திருப்பிவிட்டார். ஒரு சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"டீச்சர், முழங்கைக்கு மேல மொளகு கணக்கா ஒரு கொப்புளம். தண்ணி கோத்திருக்கு. சூடு இல்ல. சுத்தி செவக்கல. சட்ட உரசுனதுன்னு நெனைக்கேன். ஒடைக்காம, துணி வச்சு விட்டுட்டேன். சரிதான?"

சரிதான். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தேன். பால் பொங்கியும் அடுப்பை அணைக்கவில்லை. அவர் என்னிடம் என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை. என்ன செய்தேன் என்று சொன்னார். என் தொழிலில் இதைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை.

முதுகு சுவரோடு

வைகாசி. சர்ஜன் வருகிற நாள். கூடத்தில் காஜா அண்ணன் உட்பட எல்லோரும் இருந்தார்கள். யாரும் கேலி பேசவில்லை.

டாக்டர் சுவரைக் காட்டினார். "முதுகை ஒட்டி நில்லுங்க. தலை, தோள், இடுப்பு, குதிகால், எல்லாம் சுவத்தில படணும். இப்ப பக்கவாட்டில தூக்குங்க."

அண்ணாச்சி ஒட்டி நின்றார். பேச்சியம்மாள் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை எழுந்தது. மெதுவாக. தோள் மட்டத்தில் நின்றது. தழும்பு வெளுத்தது. அவர் உதடு அசைந்தது. ஆடு அசைபோட்டு விழுங்கக் காத்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். பிறகு கை மறுபடி நகர்ந்தது. தோளைத் தாண்டியது. காது மட்டத்தில் நடுங்கிக்கொண்டு, ஆனால் நின்றது.

"குதிங்கால் தரையிலதான் இருக்கு" என்று கீழேயிருந்து சாட்சி வந்தது.

டாக்டர் தழும்பை விரலால் அழுத்தினார், மறுபடி அழுத்தினார். "மெத்துனு ஆயிருக்கு. வெட்ட வேண்டிய வேலை இல்ல. இதே மாதிரி விடாமச் செய்யுங்க, இன்னும் ஒரு வருஷமாவது."

எல்லோரும் கை தட்டினோம். அண்ணாச்சி மட்டும் நம்பவில்லை. கையை இறக்கிவிட்டு என் பக்கம் குனிந்து கேட்டார், "நெசமாவா டீச்சர்? நான் சாஞ்சு கீஞ்சு காட்டலல்ல?"

"சாயல."

"ஒரு துளிகூட?"

"ஒரு துளிகூட இல்ல வே" என்று காஜா அண்ணன் குரல் கொடுத்தார். "நான் மேல பாத்தேன், அவொ கீழ பாத்தா. நடுவுல டாக்டரு பாத்தாரு. இன்னும் என்னவே வேணும் உமக்கு?"

அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. டாக்டர் முன்னால், எல்லோரும் பார்க்க, பல்லைக் கடித்துத் தூக்கிய கை அது. அது தன் கைதானா என்ற சந்தேகம் போகவில்லை போல.

பஸ் ஸ்டாண்டு வரை நானும் கூட நடந்தேன். சும்மா வகுப்பில் நிற்க முடியவில்லை. பேச்சியம்மாள் ஆட்டுக்கு மருந்து வாங்க நின்றாள், பிறகு ஒரு பூக்கடையில் நின்றாள், மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ஸ்டாண்டுக்குள் நுழையும்போது குருவிகுளம் பஸ் வளைந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஏய்! ஏய்! நிறுத்துங்க!"

அண்ணாச்சி ஓடினார். ஓடிக்கொண்டே கையைத் தூக்கினார். உச்சிக்கு மேலே, முழுதாக, விரல் விரித்து ஆட்டினார். பஸ் குலுங்கி நின்றது.

அவரும் நின்றார். தலையைத் திருப்பி, மேலே நீண்டு நின்ற தன் கையைப் பார்த்தார். வலது கை. இறக்க மறந்து, பார்த்துக்கொண்டே நின்றார். பேச்சியம்மாள் மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நின்னாச்சுவே, கைய எறக்கும்!" என்று கண்டக்டர் படியிலிருந்து கத்தினார். "ஏறுதீரா, இல்ல, டாட்டா காட்டுதீரா?"

ஏறினார்கள். பேச்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அண்ணாச்சி உட்காரவில்லை. மேலே ஓடிய கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"சீட்டு காலியாக் கெடக்குல்லா, உக்காரும்" என்றார் கண்டக்டர்.

"நிக்கேன்."

"குருவிகுளம் வரைக்குமா?"

"ஊரு வார வரைக்கும் நிக்கேன்வே. உமக்கு என்ன?"

விசில் ஊதியது. வளைவில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது, உட்கார்ந்திருந்த தலைகளெல்லாம் ஒன்றாகச் சரிந்தன. அவர் ஒருவர் மட்டும், அந்தக் கையில் தொங்கி, நேராக நின்றார்.